வேலூர் வெயிலுக்கு ஏற்ற வீட்டு உள்ளலங்காரம்: மொட்டைமாடியிலிருந்து திரைச்சீலை வரை

சித்திரை மாதத்தில் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மேல்மாடி வீடு ஒன்றில் இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், சுவர் இன்னும் சுடும். அந்தச் சுவரில் சாய்த்து எவ்வளவு விலையுள்ள கட்டிலைப் போட்டாலும் தூக்கம் வராது. வேலூரில் அலங்காரத்தின் வரிசை இதனால்தான் மற்ற ஊர்களைப் போல் இருக்க முடியாது. முதலில் மாடி, அடுத்து மேற்குப் பக்கம், பிறகு ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்), கரண்ட் வேலை, பெயிண்ட், மரவேலை, கடைசியில் துணி. இந்த வரிசை மாறினால் செய்ததையே இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

கீழே உள்ளவை 600 முதல் 900 சதுர அடி வரையுள்ள, ஏற்கெனவே கட்டிய வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. சுவரை இடிக்கும் வேலை எதுவும் இதில் இல்லை.

வீட்டின் வெயில் வரைபடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் அரை அடி என்ற கணக்கில் வீட்டை வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் தொடங்குகிறது, சுவிட்சுபோர்டு எங்கே, பீம் எங்கே என்று எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு, இரவு பத்து என நான்கு வேளையும் ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் தொட்டு, சுடுகிறதா வெதுவெதுப்பா குளிர்ச்சியா என்று எழுதுங்கள். வெயில் தரையில் விழும் இடத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து தாளில் ஏற்றுங்கள்.

இந்த ஊரின் சூரியனைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் மறுமுறை, நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சியிலிருந்து சற்று வடக்கே நகர்ந்திருக்கும். அதனால் அக்னி நட்சத்திர நாட்களில் மாலை வெயில் நேர் மேற்கிலிருந்து வராமல் வடமேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. "வடக்குப் பார்த்த அறை, வெயிலே படாது" என்று நம்பி அங்கே சன்ஷேட் இல்லாமல் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தவர்கள் மே மாதம் நாலரை மணிக்கு ஏமாந்துபோகிறார்கள். மார்கழியில் கதை வேறு. சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியே இதமான வெயில் உள்ளே வரும். அந்த ஜன்னலை அலமாரி வைத்து அடைத்துவிடாதீர்கள்.

மாடி: கண்ணுக்குத் தெரியாத அலங்காரம்

கோடையில் வீட்டுக்குள் இறங்கும் சூட்டில் பெரும்பங்கு மாடித்தளம் வழியாகத்தான் வருகிறது. உச்சி வெயில் முழுவதையும் வாங்கும் பரப்பு அது ஒன்றுதான். தளத்துக்கு மேலே பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து சுர்க்கித் தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருந்தால் நீங்கள் பாதி ஜெயித்தவர். வெறும் சிமென்ட் பூச்சு என்றால் அதை வெள்ளையாக்குங்கள். மூன்று வழிகள் உண்டு: சுண்ணாம்பு, வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளை மாடி பெயிண்ட், வெள்ளைக் கூலிங் டைல்ஸ். செலவும் ஆயுளும் இதே வரிசையில் ஏறும். வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பே போதும்.

சுண்ணாம்பு அடிக்கும் முறை இது. பங்குனி பிறந்ததும் செய்யுங்கள். மாடியைப் பெருக்கி, கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டி, கழுவி, ஒரு நாள் காயவிடுங்கள். விரிசல்களை அதற்கென்று விற்கும் கிராக் ஃபில்லரால் அடையுங்கள். வெறும் சிமென்ட் பாலை ஊற்றினால் அடுத்த வெயிலில் மறுபடி விரியும், ஏனென்றால் தளம் தினமும் சூட்டில் நீண்டு குளிரில் சுருங்குகிறது. தாளித்த (ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றிய) சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டு முதல்நாள் இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 50 முதல் 100 கிராம் வெள்ளைப் பசை சேர்த்துக் கலக்குங்கள். பதம் பால் மாதிரி இருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் தளத்தை நனைத்துவிட்டு முதல் கோட்டை நீளவாக்கிலும், மறுநாள் இரண்டாவது கோட்டைக் குறுக்குவாக்கிலும் அடியுங்கள். நண்பகலில் காய்ந்த தளத்தில் அடித்தால் தளம் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு பிடிக்காமல் காலோடு பொடியாக வரும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். தாளிக்காத கல்சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். மழைநீர்த் தொட்டிக்கு இறங்கும் குழாயை முதல் இரண்டு மழைக்கு வெளியே திருப்பிவிடுங்கள்.

எது அடித்தாலும் தூசி படிந்தால் வெள்ளை தன் வேலையைச் செய்யாது. சித்திரை நடுவில் ஒரு முறை மாடியைக் கழுவுவது கூடுதல் கோட் அடிப்பதற்குச் சமம்.

ஃபால்ஸ் சீலிங் போட்டால் வீடு குளிரும் என்று சொல்லி விற்கிறார்கள். ஓரளவு உண்மைதான், இடையில் காற்று அடைபடுவதால் சூடு இறங்குவது கொஞ்சம் குறையும். ஆனால் மாடியை வெள்ளையாக்காமல் ஜிப்சம் மட்டும் போட்டால், அந்தக் காற்றே சூடாகி இரவில் பலகை வழியாக உங்கள் தலைமேல் இறங்கும். கூரை உயரம் பத்தடி இருந்தால் நான்கு முதல் ஆறு அங்குலம் இறக்கிப் போடலாம். ஒன்பது அடியென்றால் வேண்டாம், சுவர் ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குப் பட்டை மட்டும் போட்டு அதில் விளக்கை ஒளித்து வையுங்கள். ஃபேன் கொக்கி கான்கிரீட் தளத்திலிருந்துதான் வர வேண்டும், ஜிப்சம் சட்டத்தில் ஒருபோதும் மாட்டக் கூடாது. இறக்கைகள் தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாமலும் கூரையிலிருந்து ஓரடியாவது விலகியும் இருந்தால்தான் காற்று மேலிருந்து இழுத்துக் கீழே வீசும். கூரையை ஒட்டி மாட்டிய ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறைக்குள் காற்று வராததற்குக் காரணம் இதுதான்.

கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற பழைய தெருக்களிலும், ஆற்காடு, வாலாஜாப்பேட்டைப் பக்கமும் தேக்கு உத்திரம் வைத்து, செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீடு கையில் இருந்தால் தயவுசெய்து அதை ஜிப்சத்தால் மூடாதீர்கள். உத்திரத்தைச் சுரண்டி, கரையான் பார்த்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசினாலே போதும், வேறு எந்த அலங்காரமும் அந்த அறைக்குத் தேவைப்படாது. மேலே கனமாகச் சிமென்ட் போடுவதும் தவறு. பாரம் ஏறும், சுண்ணாம்பு சுவாசிக்க முடியாமல் உள்ளேயே ஈரம் தங்கும், உத்திரம் உளுக்கும்.

மேற்குப் பக்கம்

மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேட் பெரிதாக உதவாது. மாலை வெயில் தாழ்வாக, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வருகிறது. செங்குத்தான மறைப்புதான் அதை நிறுத்தும். மறைப்பு ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்ட பிறகு சூடு அறைக்குள்தான் இருக்கும். வெளியே மூங்கில் தட்டி, கம்பிச் சட்டத்தில் சங்குப்பூக் கொடி, அல்லது 75 சதவீத நிழல்வலை, இவற்றில் ஒன்று போதும். வலையைச் சுவரை ஒட்டிக் கட்டாமல் ஓரடி தள்ளிக் கட்டினால் இடையில் காற்று ஓடிச் சூட்டை எடுத்துப்போகும்.

வெட்டிவேர் தட்டி இந்த ஊருக்கென்றே பிறந்த பொருள். ஏப்ரல், மே மாதங்களில் வேலூரின் பகல்காற்று வறண்டிருப்பதால் நனைந்த தட்டி வழியே வரும் காற்று நன்றாகக் குளிரும். ஏர்கூலருக்கும் அதே காரணம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இரண்டும் வேலை செய்யாது, புழுக்கம்தான் கூடும். மழைக்காலம் தொடங்கும்முன் தட்டியை வெயிலில் காயவைத்துச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அறைக்குள் செய்ய வேண்டியது ஒன்று: துணி அலமாரியை மேற்குச் சுவரில் வைப்பது. இரண்டடி ஆழமுள்ள துணிகள் நிறைந்த அலமாரி நல்ல வெப்பத்தடுப்பு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை ஆறேழு மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. அது நேராக உங்கள் தலையணைக்கு வருவதற்குப் பதில் புடவைகளுக்குப் போகட்டும். மருந்து, கேமரா, பேட்டரி வகைகளை மட்டும் அந்த அலமாரியில் வைக்காதீர்கள். கட்டிலின் தலைமாடு கிழக்கு அல்லது தெற்குச் சுவருக்குப் போகலாம்.

ஜன்னல்களைக் காலை ஒன்பது, பத்து மணிக்கு மூடி, மாலை ஏழுக்கு மேல் எதிரெதிராகத் திறப்பது தினசரிப் பழக்கமாக வேண்டும். இதற்குக் கொசுவலை எல்லா ஜன்னலிலும் இருந்தாக வேண்டும். வலை இல்லாத ஜன்னல் கொசுவுக்குப் பயந்து மூடியே கிடக்கும், சரியாகக் காற்று குளிரத் தொடங்கும் நேரத்தில். அலங்காரச் செலவில் கொசுவலைக்கு முதலிடம் கொடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஓதமும் பெயிண்டும்

ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் அடிப்பது காசைக் கரைப்பது. சோதனை எளிது. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. குளியலறைக் குழாய் கசிவா, மாடி வழியா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடித்து அதை முதலில் நிறுத்துங்கள். ஈரம் இல்லாமலே சுவரில் வெள்ளைப் பொடி பூத்தால் அது உப்பு. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளில் இது சாதாரணம். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுத் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். புதுப் பூச்சுச் சுவர் என்றால் நான்கு வாரமாவது நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர்.

அளவுக் கணக்கு: 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, இரண்டு ஜன்னலுக்கு 32 கழித்தால் 387. நல்ல எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கோட் சேர்த்து ஏறக்குறைய 60 சதுர அடி வரும். ஆகவே ஆறரை லிட்டர். ஏழாக வாங்குங்கள், மிச்சம் பின்னால் ஆணித்துளை அடைக்க உதவும். பட்டி இரண்டு கை பார்த்து, 180 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிரைமர் ஒன்று, பெயிண்ட் இரண்டு. முதல் கோட் ஆனதும் நிறுத்துங்கள். இரண்டாவது கோட் மரவேலை முடிந்த பிறகு. ஆசாரி வேலை நடக்கும் வீட்டில் முழுசாக அடித்து முடித்த சுவர் கீறல் விழாமல் தப்பியதே கிடையாது.

நிறத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, காலை, மாலை, இரவு விளக்கு மூன்றிலும் பாருங்கள். மேற்கு வெயில் பாயும் அறையில் பளீர் வெள்ளை கண்ணைக் கூசும். சந்தனத்தை நீர்க்க விட்ட மாதிரியான நிறம், அல்லது வெளிர் சாம்பல் கலந்த பச்சை நிதானமாக இருக்கும். வெளிச்சம் குறைந்த நடு அறைக்கு மோர் நிறமோ வெளிர் மஞ்சளோ. ஒரு சுவரை மட்டும் அடர்த்தியாக அடிக்க ஆசை இருந்தால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிட்டு ஜன்னல் இருக்கும் சுவரையே தேர்ந்தெடுங்கள். எதிர்ச்சுவர்தான் வெளிச்சத்தைத் திருப்பி அறைக்குள் அனுப்புவது, அது வெளிர் நிறமாக இருக்க வேண்டும்.

கரண்ட் வேலை, பட்டி பார்ப்பதற்கு முன்பே

வரைந்த தாளில் கட்டில், சோபா, டிவி, கிரைண்டர், ஏசி எல்லாம் எங்கே என்று குறித்த பிறகுதான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். கட்டிலின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து இரண்டேகால் அடியில் ஒரு பிளக்கும், படுத்தபடியே விளக்கையும் ஃபேனையும் அணைக்க சுவிட்சும் வையுங்கள். ஒயர்: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ., ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. (பாரம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்). மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இல்லாவிட்டால் அலங்காரத்தை ஒத்திவைத்து முதலில் அதைப் போடுங்கள். ஈரக்கையால் தொடும் சமையலறையும் குளியலறையும் உள்ள வீட்டில் அது உயிர்காக்கும் பொருள்.

பழைய ஃபேன் 70 முதல் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு நேரம் ஓடும் என்பதுதான் கோடையில் பெரிய லாபம்.

விளக்கில் நம் வீடுகள் செய்யும் தவறு, எல்லா அறைக்கும் 6500 கெல்வின் வெண்மை. நீலம் பாய்ந்த அந்த வெளிச்சத்தில் மர நிறமும் தோல் நிறமும் வெளிறிப்போகும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையல் மேடைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 என்று வாங்குங்கள். ஒரே அறையில் இரண்டு நிற விளக்கு ஒரே நேரத்தில் எரிய வேண்டாம். கூடத்தில் ஒரு 20 வாட் எல்.இ.டி. பட்டியும், மூலையில் நிற்கும் 9 வாட் விளக்கும், படத்துக்குமேல் ஒன்றும் என மூன்று தனித்தனி சுவிட்சில் இருந்தால் விருந்தாளி வந்த நேரத்துக்கும் தனியே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் வேறுவேறு அறை கிடைக்கும்.

கூடம்: கோலமாவால் அளந்து பார்ப்பது

சோபா வாங்கும்முன் தரையில் அதன் அளவைக் கோலமாவால் கோடு போட்டு ஒரு நாள் முழுவதும் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். தாளில் சரியாகத் தெரிந்தது நடக்கும்போது இடிக்கும்.

பத்தடிக்குப் பதினான்கு அடி கூடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் சோபா மூன்றடி ஆழம், எதிரே டிவி பலகை ஒன்றேகால் அடி. இடையில் மிஞ்சுவது ஐந்தேமுக்கால் அடி. சோபாவுக்கும் நடுமேசைக்கும் இடையே ஒன்றரை அடி வேண்டும், மேசை ஒன்றரை அடி அகலம் என்றால் நடக்க இரண்டேமுக்கால் அடி கிடைக்கும், போதும். இரண்டடி மேசை வாங்கினால் இரண்டேகால் அடிதான், தண்ணீர்க் குடம் தூக்கி வருபவர் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். முக்கிய நடைவழிக்கு இரண்டேமுக்காலிலிருந்து மூன்றடி என்பதைக் குறைக்காதீர்கள். டிவியின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில் இருந்தால் கழுத்து வலிக்காது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் சூழ்ந்த பகுதி இது. தோல் சோபா ஆசை வருவது இயல்பு. ஏசி இல்லாத கூடத்தில் அது வேண்டாம், ரெக்சின் நிச்சயமாக வேண்டாம். மே மாதப் பிற்பகலில் வியர்வையோடு ஒட்டும், ரெக்சின் இரண்டு மூன்று கோடைக்குள் உரியத் தொடங்கும். மரச்சட்டம் அல்லது பிரம்பு, மேலே கழற்றித் துவைக்கும் பருத்தி உறை, உள்ளே 32 அல்லது 40 அடர்த்தி ஃபோம் என்பதே இந்த ஊரின் சோபா. உட்காரும் உயரம் 17 முதல் 18 அங்குலம். வயதானவர்கள் இருந்தால் 19. தாழ்வான, ஆழமான சோபாவில் உட்கார்ந்து எழ முடியாமல் அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் போவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

தரை பழைய சிவப்பு ஆக்சைடு என்றால் அதை உடைத்து டைல்ஸ் போடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் மெழுகுப் பாலிஷ் மெல்லிசாக இரண்டு முறை ஏற்றினால் மறுபடி மின்னும். வெறுங்காலுக்கு அது தரும் குளிர்ச்சியை எந்த டைல்ஸும் தராது. டைல்ஸ் போடுவதென்றால் பரப்போடு பத்து சதவீதம் கூட்டி, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள், 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பதித்த தரை கோடைச் சூட்டில் விரிய இடமில்லாமல் நடுவில் கூடாரம்போல் எழும்பும்.

சமையலறை

மேடை உயரம்: சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கட்டும், அங்கிருந்து நான்கு அங்குலம் கீழே. பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம் வரும். ஆழம் இரண்டடி. மேலலமாரி மேடையிலிருந்து 20 அங்குலம் மேலே தொடங்கி ஓரடி ஆழத்தோடு நிற்கட்டும். அதைவிட ஆழமானால் நெற்றியில் இடிக்கும். அடுப்பை ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் காற்று தீயை அலைக்கும். அடுப்புக்கும் சிங்குக்கும் இடையே இரண்டடியாவது வெற்றுமேடை வேண்டும், காய் நறுக்குவது அங்கேதான் நடக்கும். கிரைண்டருக்கு நிரந்தர மூலை ஒன்றும் 16 ஆம்பியர் பிளக் ஒன்றும் ஒதுக்குங்கள். அலமாரிக்குள் ஒளித்து வைத்த கிரைண்டரைத் தினம் யாரும் தூக்கமாட்டார்கள்.

சிலிண்டரை அலமாரிக்குள் வைப்பதானால் கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டிக் காற்றுத்துளைகள் கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

இங்கே பல வீடுகளில் கடப்பா கல்லில் பலகை பதித்த திறந்த அலமாரிகள் இருக்கும். மாடுலர் கிச்சன் என்று சொல்லி அவற்றை உடைக்கச் சொல்வார்கள். உடைக்க வேண்டாம். தண்ணீர், கரையான் இரண்டுக்கும் அசையாத பொருள் அது. முன்பக்கம் அலுமினியச் சட்டத்தில் கதவு மட்டும் மாட்டி, உள்ளே இழுப்புக் கூடைகள் வைத்தால் பாதிச் செலவில் அதே ஒழுங்கு கிடைக்கும். சட்டம் மாட்டும்முன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கொத்தனாரை வைத்து ஓரத்தைச் சரிசெய்த பிறகே கதவு, இல்லாவிட்டால் மூடாது.

புதிதாகப் பிளைவுட்டில் செய்வதானால் சமையலறைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பலகை, படுக்கையறை அலமாரிக்கு ஐ.எஸ். 303 முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) வகை. முத்திரையைப் பலகையில் பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும், பில்லில் எழுதியிருப்பது போதாது. சிங்குக்குக் கீழே எந்தப் பிளைவுட்டும் வேண்டாம், பி.வி.சி. அல்லது அலுமினியம்.

அலமாரிக் கணக்கு ஒன்று: ஆறடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழம். இரண்டு பக்கப் பலகை 28, நடுத்தடுப்பு 14, மேல்கீழ் 24, ஆறு தட்டு 36, கதவுகள் 42, ஆக 144 சதுர அடி. ஒரு 8 அடிக்கு 4 அடி பலகை 32 சதுர அடி. வெட்டுச் சேதாரம் சேர்த்து 18 மி.மீ. பலகை ஐந்திலிருந்து ஆறு. பின்பக்கத்துக்கு 6 மி.மீ. இரண்டு. எட்டு, ஒன்பது என்று பட்டியல் வந்தால் வெட்டு வரைபடம் கேளுங்கள். தட்டின் நீளம் மூன்றடியைத் தாண்டினால் பட்டுப்புடவை அடுக்கின் பாரத்தில் நடுவில் தொய்யும், கீழே ஒரு மரச்சட்டம் கொடுங்கள். அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் அரை அங்குலமாவது இடைவெளி, அடியில் நான்கு அங்குலக் கால்கள். கீழ்த்தள வீட்டில் மண்கோடு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து, கரையான் மருந்து அடித்த பிறகே மரம் உள்ளே வர வேண்டும்.

குளியலறை, சுருக்கமாக

போர் தண்ணீர் கடினமானது. கறுப்பு டைல்ஸும் கறுப்புக் குழாயும் படத்தில் அழகாக இருக்கும், இங்கே ஒரே மாதத்தில் வெள்ளைத் திட்டு படியும். வெளிர் மணல் நிறம், தரைக்கு ஆர்11 பிடிமானமுள்ள மேட் டைல்ஸ், இடுக்குகளுக்கு எபாக்சி. தரைச் சாய்வு மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. பதித்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடத்தில் எங்கும் தேங்காமல் வடிகிறதா என்று பார்த்த பிறகு கடைசித் தவணை கொடுங்கள்.

துணிகள்

திரைக்கம்பியை ஜன்னலுக்கு அரையடி மேலே, பக்கத்துக்கு எட்டு அங்குலம் நீட்டி மாட்டுங்கள். திரை ஒதுங்கும்போது கண்ணாடி முழுவதும் திறந்திருக்கும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும். நான்கடி ஜன்னலுக்குக் கம்பி 64 அங்குலம். மடிப்பு அழகாக விழ அதன் இரண்டு மடங்கு, 128 அங்குலம் அகலம் வேண்டும். 48 அங்குலத் துணியில் மூன்று அகலம். பக்கத்துக்கு ஒன்றரையாகத் தைக்க வேண்டும். கம்பி ஏழரை அடியில் என்றால் தயாரான திரை 89 அங்குலம், மேலும் கீழும் மடிக்க எட்டு, பருத்தி சுருங்குவதற்கு ஐந்து சதவீதம். ஒரு அகலத்துக்கு 2.6 மீட்டர், மொத்தம் 8 மீட்டர். வெட்டும்முன் துணியை இரவு முழுக்க நனைத்துக் காயவைத்துவிட்டால் சுருங்குவது பற்றிய கவலை அங்கேயே முடிந்தது. மேற்கு ஜன்னலுக்கு மட்டும் வெள்ளை உள்துணி கொடுத்துத் தையுங்கள், வெயில் முதலில் தின்பது சாயத்தைத்தான்.

மெத்தை உறைக்கும் குஷனுக்கும் வெளியூர்த் துணி தேடிப் போக வேண்டியதில்லை. குடியாத்தம் கைத்தறி லுங்கியின் கட்டம் அளவான கோடும் ஆழமான நிறமும் கொண்டது, வியர்வையை உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள ஒரு லுங்கியில் 16 அங்குல உறை நான்கு வரும். 44 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளத்துக்கு நான்கு துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நுனியையும் 2 செ.மீ. மடித்துத் தைத்து, நல்ல பக்கம் உள்ளே இருக்க, பின்புறம் ஒன்றன்மேல் ஒன்று 12 செ.மீ. ஏறும்படி மடக்கி, இரண்டு ஓரத்தையும் தைத்துத் திருப்பினால் ஜிப் இல்லாத உறை. கட்டத்தின் கோட்டையே வெட்டும் கோடாக வைத்துக்கொண்டால் அளவுகோல்கூட வேண்டாம். எல்லா உறையும் ஒரே கட்டமாக இருந்தால் கடைச் சரக்குபோல் தெரியும். இரண்டு கட்டம், இரண்டு ஒற்றை நிறம் என்று கலந்து, அந்த ஒற்றை நிறத்தைக் கட்டத்துக்குள் இருக்கும் ஏதாவது ஒரு நூலிலிருந்து எடுங்கள். பக்கத்து அலமாரியில், வேலூர் பக்கத்துக் கரிகிரியில் செய்த மண்பாண்டம் ஒன்று இருந்தால் அதன் பச்சையும் கணக்கில் வரட்டும்.

முதல் சலவை மட்டும் தனியாக, ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில். அலசும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை வேறு துணியோடு சேர்க்க வேண்டாம், நிழலில் உட்புறம் வெளியே தெரிய உலர்த்துங்கள்.